படத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒரு வரி

1980-களின் தொடக்கம். நியூயார்க் மாநிலத்தின் யார்க்டவுன் ஹைட்ஸ் ஊரில் இருந்த ஐபிஎம் ஆராய்ச்சி மையத்தில் இரண்டு கணித வல்லுநர்கள் வேலை பார்த்தார்கள். ஒருவர் ஜெஸ்ஸி ரைட். மற்றவர் ஜிம் தாட்சர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தாட்சர் முனைவர் பட்டத்துக்குப் படித்தபோது அவருக்கு வழிகாட்டியாக இருந்தவர் ரைட். குருவும் சீடரும் பின்னாளில் ஒரே இடத்தில் சகாக்களானார்கள். ரைட்டுக்குக் கண்பார்வை கிடையாது. மேசைக்கு மேசை பர்சனல் கம்ப்யூட்டர் வந்து உட்காரத் தொடங்கியபோது, கண்ணாடித் திரையில் மின்னும் எழுத்தைக் குரு எப்படிப் படிப்பார் என்ற கேள்வி சீடருக்கு எழுந்தது.

விடை அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்தது. அன்றைய திரையில் 25 வரிகள், ஒரு வரிக்கு 80 எழுத்துகள். மொத்தம் 2,000 கட்டங்கள். எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து நிற்கிறது என்பது கம்ப்யூட்டரின் நினைவகத்தில் அப்படியே பதிவாகியிருக்கும். அந்தப் பதிவை எடுத்துக் குரல் கருவியிடம் கொடுத்துவிட்டால் திரை வாய் திறந்து பேசும். தாட்சர் அதைச் செய்து காட்டினார். 1986-ல் ஐபிஎம் அதை ‘ஸ்கிரீன் ரீடர்’ என்ற பெயரிலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தது. பார்வையற்றவர்கள் அலுவலக வேலையில் மற்றவர்களுக்குச் சமமாகப் போட்டி போடும் காலம் பிறந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அதற்கு இரண்டு வருடம் முன்பே வில்லன் மேடையேறியிருந்தான்.

அந்த வில்லனின் பெயர், படம். 1984-ல் வந்த ஆப்பிள் மெக்கின்டோஷும், 1990-ல் பரவிய விண்டோஸ் 3.0-வும் திரையைச் சித்திரமாக மாற்றின. எழுத்துகூடப் புள்ளிகளால் வரையப்பட்ட ஓவியம்தான். நினைவகத்தில் ‘அ’ இல்லை, ‘ஆ’ இல்லை. வெறும் புள்ளிகள். வாசிக்கும் மென்பொருள்கள் ஒரே இரவில் ஊமையாகின. திரைக்கு எழுத்தை வரையச் சொல்லிப் போகும் கட்டளைகளை நடுவழியில் மடக்கி, எங்கே என்ன எழுதப்படுகிறது என்று தனியாக ஒரு கணக்கு வைத்துக்கொள்ளும் தந்திரத்தைப் பொறியாளர்கள் கண்டுபிடிக்கப் பல வருட உழைப்பு தேவைப்பட்டது. எழுத்து ஒருவழியாகக் கைக்கு வந்தது. ஆனால் படம் படமாகவே நின்றது. இந்த நிலையில்தான் ஐரோப்பாவிலிருந்து எதிர்பாராத ஒரு பரிசு வந்து சேர்ந்தது.

ஜெனீவா அருகே இருக்கும் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய வைய விரிவு வலை, 1991-ல் வெளியுலகுக்குத் திறந்தது. அதில் இருந்ததெல்லாம் எழுத்து. தலைப்பு, பத்தி, பட்டியல், இன்னொரு பக்கத்துக்குத் தாவும் இணைப்பு, அவ்வளவுதான். அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1992-ல் வளாகத் தகவல்களுக்காகத் தொடங்கிய ‘லின்க்ஸ்’ என்ற மென்பொருள் அடுத்த வருடமே இந்த வலையைத் திறந்து காட்டியது. அதுவும் முழுக்க முழுக்க எழுத்துதான். வாசிக்கும் மென்பொருளுக்கு இதைவிடச் சுலபமான உணவு கிடையாது. நூலகத்துக்குப் போய் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டிய தகவல் வீட்டு மேசையில் குரலாக ஒலித்தது. அந்தப் பொற்காலம் எத்தனை நாள் நீடிக்கும் என்பது இலினாய்ஸில் இருந்த ஒரு மாணவர் கையில் இருந்தது.

1993 பிப்ரவரி 25. இலினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டிங் மையத்தில் வேலை பார்த்த 21 வயது மார்க் ஆண்ட்ரீசன், வலையை வளர்த்துக்கொண்டிருந்த சக நிபுணர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். பக்கத்துக்கு நடுவே படம் வைக்க ஒரு புதிய கட்டளை வேண்டும், அதில் படம் எந்த முகவரியில் இருக்கிறது என்று சொன்னால் போதும் என்பது அவருடைய யோசனை. பெரிய விவாதம் கிளம்பியது. வேறு பெயர் வைக்கலாம் என்றார்கள், படம் மட்டுமல்லாமல் எந்த ஊடகத்துக்கும் பொருந்தும்படி நிதானமாக வடிவமைக்கலாம் என்றார்கள். ஆண்ட்ரீசன் நிதானத்துக்குக் காத்திருக்கவில்லை. எரிக் பினாவுடன் சேர்ந்து எழுதிக்கொண்டிருந்த ‘மொசைக்’ உலாவியில் அந்தக் கட்டளையைப் போட்டு வெளியிட்டுவிட்டார். படத்தோடு வந்த வலையைப் பார்த்து உலகம் மயங்கியது. அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்ல அந்தக் கட்டளையில் இடமே இல்லை என்பதை அப்போது கவனித்தவர்கள் மிகச் சிலர்.

கவனித்தவர்களும் பார்வையற்றவர்களை நினைத்துக் கவனிக்கவில்லை என்பதுதான் இந்தக் கதையின் முதல் வேடிக்கை. படம் காட்டும் திரை அன்றைக்கு எல்லோரிடமும் இல்லை. பல்கலைக்கழகங்களிலும் ஆய்வகங்களிலும் எழுத்து மட்டுமே தெரியும் பழைய முனையங்கள்தான் நிறைய. அவற்றில் லின்க்ஸ் வழியாகப் பக்கத்தைத் திறந்தால், படம் இருந்த இடத்தில் ‘இங்கே ஒரு படம்’ என்ற அடையாளம் மட்டும் அடைப்புக்குறிக்குள் நின்றது. என்ன படம்? தெரியாது. அது அலங்காரக் கோடா, அடுத்த பக்கத்துக்கான பொத்தானா? அதுவும் தெரியாது. எனவே பெர்னர்ஸ்-லீ முதலானவர்கள் 1993-ல் எழுதிய எச்டிஎம்எல் வரைவில் படக் கட்டளையோடு ஒரு சின்ன ஒட்டு சேர்ந்தது. படம் காட்ட முடியாத இடத்தில் அதற்குப் பதிலாக இந்த வரியைக் காட்டு என்பதே அதன் வேலை. படம் தெரிகிறவர்கள் கண்ணில் அது படவே படாது. எழுதியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. அந்தக் கடைசி விதிதான் பின்னால் பெரிய வினையாக முடிந்தது.

முதல் இரண்டு மூன்று வருடம் அந்த வரியைக் காப்பாற்றியது தொலைபேசிக் கம்பி. அன்றைய மோடத்தின் வேகம் நொடிக்கு 14.4 கிலோபிட். 50 கிலோபைட் அளவுள்ள ஒரு படம் இறங்கக் கிட்டத்தட்ட அரை நிமிடம் பிடிக்கும். நிமிடக் கணக்கில் காசு கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் படங்களை அணைத்துவிட்டே உலாவினார்கள். அவர்கள் கண்ணில் பட்டது அந்த ஒரு வரிதான். ஆகவே பொறுப்பான வடிவமைப்பாளர்கள் அதை எழுதினார்கள். 1995 நவம்பரில் வெளியான எச்டிஎம்எல் 2.0 விதிமுறையிலும் அது முறையாக இடம்பிடித்தது. பிறகு மோடங்கள் வேகமெடுத்தன. எல்லோரும் படங்களைத் திறந்து வைத்தார்கள். எழுதுகிறவர்களுக்கு எழுத வேண்டிய காரணம் மறைந்துபோனது. அதே சமயத்தில்தான் அந்த வரியைக் கேட்டே தீர வேண்டியவர்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அவர்களை அழைத்துவந்தவர்களில் ஒருவர் டெட் ஹென்டர். அமெரிக்காவின் மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். 1978-ல் இங்கிலாந்தில் நடந்த கார் விபத்தில் பார்வை பறிபோனது. பந்தயத்தை விட்டவர் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டார். 1987-ல் பில் ஜாய்ஸுடன் சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்கினார். ‘ஜாஸ்’ என்ற அவர்களுடைய வாசிப்பு மென்பொருள் 1995-ல் விண்டோஸுக்கும் வந்தது. ஜப்பானில் இன்னொருவர், சியேகோ அசகவா. 11 வயதில் நீச்சல் குளத்தில் அடிபட்டு, 14 வயதில் பார்வையை முழுவதும் இழந்தவர். ஐபிஎம் ஆராய்ச்சியாளராகச் சேர்ந்த அவர் வலைப்பக்கங்களைப் படிப்பதற்கென்றே உருவாக்கிய ‘ஹோம் பேஜ் ரீடர்’ 1997-ல் வெளியானது. கருவிகள் தயார். காது கொடுத்துக் கேட்டால் வந்து விழுந்தது வேறு.

அது இணையதளங்கள் அலங்காரப் போட்டியில் இறங்கியிருந்த காலம். எழுத்தின் அழகு போதவில்லை என்று பட்டியல்களையும் பொத்தான்களையும் படமாகவே வரைந்தார்கள். பக்கத்தில் இடைவெளி விடுவதற்கு, கண்ணுக்குத் தெரியாத ஒற்றைப் புள்ளிப் படத்தை இழுத்து நீட்டி வைக்கும் வித்தை பரவியது. டேவிட் சீகல் 1996-ல் எழுதிய வடிவமைப்புப் புத்தகம் அதைப் பிரபலமாக்கியது. கண்ணுக்கு அழகு, காதுக்கு நரகம். படத்துக்குப் பின்னால் வரி இல்லாவிட்டால் வாசிக்கும் மென்பொருள் என்ன செய்யும்? கிடைத்த கோப்பின் பெயரைப் படிக்கும். ‘ஸ்பேசர் டாட் ஜிஃப், ஸ்பேசர் டாட் ஜிஃப், பட்டன் ஜீரோ த்ரீ டாட் ஜிஃப்’ என்று முடிவில்லாமல் ஒப்பிக்கும். போதாக்குறைக்குச் சில உலாவிகள் அந்த வரியை மவுஸ் நுனியில் குமிழாகக் காட்டின. அதுதான் அதன் வேலை போலும் என்று நினைத்த வடிவமைப்பாளர்கள் அதில் விளம்பர வாசகம் எழுதினார்கள். ஒரு நல்ல கருவி வேடிக்கைப் பொருளாகிச் செத்துவிடும் நிலை.

மூச்சு கொடுத்தது விஸ்கான்சின். அங்குள்ள பல்கலைக்கழகத்தின் டிரேஸ் மையத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான தொழில்நுட்பத்தில் வேலை பார்த்துவந்த கிரெக் வாண்டர்ஹைடன், 1995 ஜனவரியிலேயே வலைப்பக்கம் எழுதுவோருக்கு ஒரு வழிகாட்டியைத் தொகுத்திருந்தார். 1997 ஏப்ரலில் பெர்னர்ஸ்-லீ தலைமையிலான டபிள்யூ3சி அமைப்பு, வலையை எல்லோரும் அணுகச் செய்வதற்கென்றே தனிப் பிரிவைத் தொடங்கியது. அதே வருடம் டிசம்பரில் வந்த எச்டிஎம்எல் 4.0, படம் இருந்தால் அந்த வரி இருந்தே ஆக வேண்டும் என்று கட்டாயமாக்கியது. வெறும் அலங்காரப் படத்துக்கு அந்த இடத்தைக் காலியாக விட்டுக் காட்ட வேண்டும், வாசிக்கும் குரல் பேசாமல் கடந்து போய்விடும் என்ற நுட்பமும் அதில் இருந்தது. 1999 மே 5 அன்று 14 விதிகள் கொண்ட முதல் சர்வதேச அணுகல் வழிகாட்டி வெளியானது. முதல் விதியே, பார்ப்பதற்கும் கேட்பதற்கும் உள்ளவற்றுக்கு ஈடான மாற்று தர வேண்டும் என்பதுதான். எல்லாம் சரி. மீறினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அப்படித்தான் உலகம் நம்பிக்கொண்டிருந்தது, இன்னும் ஒரு மாதத்துக்கு.

1999 ஜூன் 7. சிட்னியில் புரூஸ் மகுவயர் ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையத்திடம் ஒரு புகார் கொடுத்தார். பிறவியிலேயே பார்வையற்றவர். கம்ப்யூட்டரில் வரும் எழுத்தைப் பிரெய்ல் புள்ளிகளாக உயர்த்திக் காட்டும் கருவியை விரலால் தடவிப் படிப்பவர். 2000-ஆம் ஆண்டு ஒலிம்பிக்ஸ் அவருடைய நகரத்தில் நடக்கப்போகிறது. டிக்கெட் விவரப் புத்தகம் பிரெய்லில் இல்லை. சரி, இணையதளத்தில் பார்க்கலாம் என்றால் அங்கே படங்கள் பேசவில்லை. அவர் இணையதளத்தைப் பற்றிச் சொன்ன குறைகள் மூன்றே மூன்று. படங்களுக்கும் பட இணைப்புகளுக்கும் பின்னால் அந்த ஒரு வரி முழுமையாக இல்லை. அட்டவணைப் பக்கத்திலிருந்து விளையாட்டுகளின் பட்டியலுக்குப் போக முடியவில்லை. போட்டி முடிவுகளின் அட்டவணையும் படிக்க முடியாது. எதிரே நின்றது ஒலிம்பிக்ஸ் அமைப்புக் குழு. அதற்காக அந்த இணையதளத்தைக் கட்டிக்கொடுத்தது யார் என்பதில் இருந்தது இரண்டாவது வேடிக்கை.

ஐபிஎம்! திரையைப் பேச வைத்த தாட்சரின் ஐபிஎம். வலையைப் பேச வைத்த அசகவாவின் ஐபிஎம். ஒரே நிறுவனத்தின் ஒரு கை திறந்த கதவை இன்னொரு கை கட்டிய சுவர் மறைத்துக்கொண்டிருந்தது. அமைப்புக் குழு சட்டத்தில் உள்ள ஒரு விதிவிலக்கைப் பிடித்துக்கொண்டது. ஆஸ்திரேலியாவின் 1992-ஆம் ஆண்டுப் பாகுபாடு தடைச் சட்டத்தின்படி, சரிசெய்வது நியாயமற்ற சுமையாக இருந்தால் செய்யாமல் விடலாம். எவ்வளவு சுமை? 1,295 பக்க வார்ப்புருக்களைத் திருத்த வேண்டும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம் பிடிக்கும் என்று கணக்குக் காட்டினார்கள். எல்லாவற்றையும் முழுமையாகச் செய்ய 20 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் ஆகும் என்றார்கள். ஒலிம்பிக்ஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. தனி மனிதர் ஒருவரால் அந்தக் கணக்கை எப்படி உடைக்க முடியும்?

உடைக்க இரண்டு நிபுணர்கள் வந்தார்கள். கனடாவின் டொரொண்டோ பல்கலைக்கழகத்திலிருந்து யூட்டா டிரெவிரானஸ், ஆஸ்திரேலியாவிலிருந்து கம்ப்யூட்டர் வல்லுநர் டாம் வொர்திங்டன். வார்ப்புருக்களின் எண்ணிக்கை குழு சொல்வதைவிட மிகக் குறைவு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரமெல்லாம் தேவையில்லை, அனுபவமுள்ள ஒருவருக்கு ஐந்து முதல் பதினைந்து உதவியாளர்கள் இருந்தால் நான்கு வாரத்தில் முடித்துவிடலாம் என்று சாட்சி சொன்னார்கள். தொடக்கத்திலேயே சரியாகக் கட்டியிருந்தால் இந்தச் செலவுக்கே இடமில்லை என்ற வாதமும் கூடவே எழுந்தது. இரண்டு கணக்குகளுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்குமான இடைவெளி. எந்தக் கணக்கை நம்புவது என்ற முடிவு ஆணையர் வில்லியம் கார்ட்டர் கையில் இருந்தது.

2000 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பு வந்தது. மகுவயர் பாகுபாட்டுக்கு ஆளாக்கப்பட்டார் என்றார் கார்ட்டர். நியாயமற்ற சுமை என்ற வாதத்தைத் தள்ளினார். எல்லாப் படங்களுக்கும் அந்த வரியைச் சேர்க்க வேண்டும், மற்ற இரண்டு குறைகளையும் நீக்க வேண்டும், கெடு செப்டம்பர் 15 என்று உத்தரவிட்டார். செப்டம்பர் 15-தான் ஒலிம்பிக்ஸ் தொடக்க விழா நாள். மூன்று வாரம் ஓடியது. விழா கோலாகலமாக நடந்தது, போட்டிகள் முடிந்தன, வீரர்கள் ஊர் திரும்பினார்கள். இணையதளம் ஓரளவுதான் திருந்தியிருந்தது. நவம்பரில் ஆணையம் மறுபடியும் கூடியபோது குழுவுக்காகக் காத்திருந்தது 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீட்டு உத்தரவு.

20 லட்சம் செலவாகும் என்று வாதாடியவர்களுக்கு 20,000 பெரிய தொகையல்ல. ஆனால் ஒரு படத்துக்குப் பின்னால் ஒரு வரி எழுதாமல் விட்டதற்காக நீதி கேட்டு ஜெயிக்கலாம் என்பது உலகத்துக்குத் தெரிந்துபோனது. அமெரிக்காவில் அரசு இணையதளங்களுக்கான அணுகல் விதிகள் 2001-ல் நடைமுறைக்கு வந்தன. 2006-ல் டார்கெட் கடைகளின் இணையதளத்தின் மீது அமெரிக்கப் பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு வழக்குப் போட்டது. வரியில்லாத படங்கள் அங்கேயும் முக்கியக் குற்றச்சாட்டு. 2008-ல் 60 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. நம் நாட்டிலும் அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டி நெறிமுறைகள் 2009-ல் வந்தன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் நிறைவேறியது. சட்டம் தன் வழியில் போய்க்கொண்டிருக்க, அந்த வரிக்கு முற்றிலும் புதிய ஓர் எழுத்தாளர் கிடைக்கப்போகிறார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

இப்போது இணையதளம் கட்டுகிறவர்கள் மட்டுமா படம் போடுகிறார்கள்? கையில் போன் உள்ள எல்லோரும் போடுகிறார்கள். 2016-ல் ட்விட்டர், படம் போடுகிறவரே விளக்கமும் எழுதும் வசதியைக் கொடுத்தது. அதே வருடம் பேஸ்புக்கில் இயந்திரமே படத்தைப் பார்த்து ‘மரம், வானம், சிரிக்கும் இருவர்’ என்ற பாணியில் விளக்கம் சொல்லத் தொடங்கியது. அதற்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் மேட் கிங் என்ற பார்வையற்ற பொறியாளர். அவர் பழைய ஐபிஎம்காரர். ஆனால் படத்தில் மரம் இருப்பது இயந்திரத்துக்குத் தெரியும், அது பாட்டி நட்ட மரம் என்பது போட்டவருக்குத்தான் தெரியும்.

2022-ல் ட்விட்டர் படங்களின் மூலையில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி முளைத்தது. உள்ளே மூன்று ஆங்கில எழுத்து. தட்டினால் படத்தின் விளக்கம் விரியும். இன்று வேர்டு கோப்பில் படத்தைச் செருகும்போது எட்டிப் பார்ப்பதும், சிக்னல் கிடைக்காத ஊரில் படம் இறங்காதபோது கட்டத்துக்குள் தலைகாட்டுவதும், கூகுள் படத்தை அடையாளம் கண்டு தேடலில் காட்ட உதவுவதும் அதே மூன்றெழுத்துதான். ஆல்ட்! பழைய முனையங்களுக்காகப் பிறந்து, மோடத்தால் பிழைத்து, அலங்காரப் போட்டியில் சீரழிந்து, சிட்னியில் நீதி கேட்ட ‘ஆல்ட் டெக்ஸ்ட்’ என்கிற மாற்று உரை.

தமிழ்ப் பக்கங்களுக்கும் இது தூரத்துச் சங்கதி அல்ல. மைக்கேல் கர்ரன், ஜேம்ஸ் டே என்ற இரண்டு பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர்கள் கட்டியெழுப்பிய ‘என்விடிஏ’ என்ற வாசிப்பு மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, தமிழையும் படிக்கிறது. படத்துக்குப் பின்னால் தமிழில் ஒரு வரி எழுதினால் அது தமிழிலேயே ஒலிக்கும். தொழில்நுட்பத் தடை என்று ஒன்று இல்லை.

ஆனாலும் அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் வெப்எயிம் அமைப்பு, 2024-ல் பத்து லட்சம் இணையதளங்களின் முகப்புப் பக்கங்களைச் சோதித்தபோது, பாதிக்கும் மேற்பட்டவற்றில் மாற்று உரை இல்லாத படம் ஒன்றாவது இருந்தது. கட்டாயமாகி 27 வருடம், தீர்ப்பு வந்து 24 வருடம் ஆன பிறகும் நிலைமை இது. கருவி எப்போதோ கண்டுபிடித்தாயிற்று, சட்டமும் எழுதியாயிற்று. பாக்கி இருப்பது, படம் போடுகிறவர் ஒரு வரி எழுதுவது மட்டும்தான்.